ஆசாரி வேலையா? ஆயத்த அலமாரியா?



கடை திறப்பு விழாப் பத்திரிகை வந்தால் முன்பெல்லாம் நாங்கள் முதலில் பார்ப்பது நேரத்தையும் இடத்தையும்தான். இப்போது பத்திரிகை கொண்டு வருபவரிடம் இன்னொன்றையும் கேட்டுவிடுகிறோம். "உள் வேலைக்கு எவ்வளவு ஆயிற்று தம்பி?" என்று. அவர் சொல்லும் தொகையைக் கேட்டதும், அவருக்கு எத்தனை நாள் கடன் கொடுக்கலாம் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறோம். இந்தப் பழக்கம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

தருமபுரியில் புளி, பருப்பு, மிளகாய், கொள்ளு, சாமை என்று மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் பலர் எங்கள் மண்டியில் பற்று வரவு வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், நல்ல உழைப்பாளி, தகப்பனார் காலத்துச் சிறிய மளிகைக் கடையை விட்டு, பேருந்து போகும் சாலையில் பெரிய கடையாக எடுத்தார். கைமுதல் 12 லட்சம். அதில் வீட்டம்மாவின் நகை வைத்துப் புரட்டிய பணமும் அடக்கம். கட்டட முன்பணம் 2 லட்சம். குளிர்பெட்டி, கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக் தராசு ஆகியவற்றுக்கு 1 லட்சம். 'இன்டீரியர்' என்று சொல்லப்படுகிற உள் வேலைக்கு ஆறரை லட்சம். மூன்று சுவரும் பிளைவுட் அலமாரி, அதற்குக் கண்ணாடிக் கதவு, மேலே பால்ஸ் சீலிங், அதற்குள் வரிசையாக எல்.இ.டி. விளக்குகள், முன்னே கிரானைட் பதித்த கவுண்டர். கூட்டிக் கழித்துப் பாருங்கள். சரக்குக்கு அவரிடம் மிஞ்சியது இரண்டரை லட்சம்.

அந்த அளவு கடையை நிரப்ப ஆறு லட்சத்துக்காவது சரக்கு வேண்டும். மீதியை நாலைந்து மண்டிகளில் கடனாக எடுத்தார். எங்களிடமும் எடுத்தார். நாங்களும் கொடுத்தோம். திறப்பு விழாவுக்குப் போய், குத்துவிளக்கு ஏற்றி, "பட்டணத்துக் கடை மாதிரி இருக்கிறதப்பா" என்று பாராட்டிவிட்டு, "சரக்கைப் பற்றிக் கவலைப்படாதே" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் நாங்கள்தான். ஆகவே இதில் எங்கள் பங்கும் உண்டு என்பதை ஒளிக்கவில்லை.

ஐந்தாவது மாதம் வசூலுக்குப் போன எங்கள் பையன் திரும்பி வந்து, "பணம் இல்லை என்கிறார், ஆனால் கடை பளபளவென்று இருக்கிறது" என்றான். நாங்களே நேரில் போய்ப் பார்த்தோம். விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகளில் ஒற்றை வரிசையாகப் பாக்கெட்டுகளை முன்னுக்கு இழுத்து நிறுத்தியிருந்தார். பின்னால் வெறும் பலகை. துவரம் பருப்பு கேட்டு வந்த ஒரு அம்மாள், "நாளைக்கு வரும்" என்ற பதிலைக் கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். எதிர்க்கடையில் விளக்கு இரண்டே இரண்டுதான். பருப்பு இருந்தது.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்த ஆறரை லட்சத்தில் அவர் மூன்று லட்சத்தோடு உள் வேலையை முடித்துக்கொண்டு, மீதி மூன்றரை லட்சத்தைச் சரக்கில் போட்டிருந்தால்? மளிகைச் சரக்கு மாதம் ஒரு முறை சுழல்கிறது என்று வையுங்கள். வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையே நூற்றுக்கு எட்டு ரூபாய்தான் நிற்கிறது என்று வையுங்கள். மாதம் 28,000 ரூபாய். கட்டட வாடகையும் கடைப் பையன் சம்பளமும் அதிலேயே வந்திருக்கும். சுவரில் அடித்த பலகையோ ஒரு பைசா கொண்டு வருவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்குவதுதான் அதன் வேலை. வருமான வரிக் கணக்கிலேயே மரச் சாமான்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் எழுதுகிறோம். உண்மையில் தேய்வது அதைவிட வேகமாக என்பது பழைய அலமாரியை விற்கப் போனவர்களுக்குத் தெரியும்.

இனி, கேள்விக்கு வருவோம். ரெடிமேடாக வாங்கி மாட்டுவதா, அளவெடுத்துச் செய்விப்பதா?

எங்கள் தகப்பனார் காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. எல்லாம் ஆசாரி வேலைதான். கடைக்கு முன்னால் இலக்கமிட்ட பலகைக் கதவு. ஒன்று, இரண்டு என்று வரிசைப்படி எடுத்து, வரிசைப்படி சேர்க்க வேண்டும். மூன்றாம் பலகையை நான்காம் இடத்தில் வைத்தால் கடை பூட்டாது. உள்ளே வேங்கை மரத்தில் கல்லாப்பெட்டி, மேல் பலகையில் காசு போடத் துளை. கணக்குப்பிள்ளைக்குத் தரையில் உட்கார்ந்து எழுதச் சாய்வு மேசை. மூட்டை அடுக்க வேப்பங்கட்டை. கடுகு, சீரகம், மிளகுக்கு இழுப்பறைப் பெட்டி. இவை எல்லாம் எங்கள் கடைக்கென்றே, எங்கள் அளவுக்கென்றே செய்தவை. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் ஒன்றுகூடச் சுவரில் ஆணி அடித்து நிறுத்தப்பட்டதல்ல. 1987இல் கட்டடக்காரர் இடத்தைக் கேட்டபோது, ஒரே லாரியில் முழுக் கடையையும் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனோம். விட்டு வந்தது சுவரில் அடித்திருந்த சாமி படத்து ஆணி மட்டும்தான். அந்தக் கல்லாப்பெட்டி இன்றும் எங்களிடம் இருக்கிறது.

இன்றைக்கு 'கஸ்டம்' என்று சொல்லிச் செய்யப்படும் வேலை அப்படி அல்ல. சுவரோடு சுவராகப் பிளைவுட்டை அடித்து, மேலே மைக்கா ஒட்டி, மூலைக்கு மூலை இடைவெளி தெரியாமல் மூடிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். பெயர்த்தெடுத்தால் விறகு. ஆகவே ஆயத்தமா ஆசாரியா என்பதற்கு முன்னால், "கடையைக் காலி செய்கிற நாளில் இது என்னோடு வருமா?" என்று கேட்டுவிடுங்கள். நம்மில் பெரும்பாலோர் வாடகைக் கட்டடத்தில் இருக்கிறோம். சிலர் நகராட்சி, பேரூராட்சிக் கடைகளை ஏலத்தில் எடுத்திருக்கிறோம். சாலையோரம் இருப்பவர்களுக்குச் சாலை அகலமாகும் கவலை வேறு. அப்படிப்பட்ட நாம், அடுத்தவர் சுவருக்கு ஆறு லட்ச ரூபாய்க்குச் சட்டை தைத்துப் போடுவது ஏன்?

வாடகை ஒப்பந்தத்தில் இதைப்பற்றி ஒரு வரி எழுதிக்கொள்வதும் அவசியம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எழுதும்போதே, அலமாரி, ரேக், மின்விசிறி, விளக்கு, ஷட்டர் இவற்றில் எவை நம்முடையவை, எவை கட்டடக்காரருடையவை என்று ஒரு பட்டியல் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் பின்னால் வாய்ச்சண்டை இல்லை.

ஆயத்த ரேக்குகளின் நன்மையை நாம் மறுப்பதற்கில்லை. 1947இல் இங்கிலாந்தில் டிமெட்ரியஸ் கொமினோ என்ற பொறியாளர், துளைகள் போட்ட இரும்பு ஆங்கிளை 'டெக்சியான்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஸ்பேனர் ஒன்று இருந்தால் போதும். யார் வேண்டுமானாலும் போல்ட் முடுக்கி அலமாரி கட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம். நம் ஊர்க் கிடங்குகளில் நிற்கும் ஆங்கிள் ரேக் அந்த வம்சம்தான். 1994இல் நாங்கள் சேலத்தில் வாங்கிய ஆங்கிள் ரேக்குகளை அதற்குப் பிறகு இரண்டு இடம் மாற்றிவிட்டோம். பெயின்ட் போயிருக்கிறது, ரேக் போகவில்லை. ஒரு தட்டைக்கூட ஆசாரிக்குக் காத்திருக்காமல் உயர்த்தி இறக்கிக்கொள்கிறோம்.

இப்போது பெங்களூரிலிருந்து வரும் சூப்பர் மார்க்கெட் ரேக் வேறு வகை. பவுடர் கோட்டிங் செய்த தகடு, பின்புறம் துளைப் பலகை, கொக்கியில் தட்டை மாட்டுவது. சோப்பு, பிஸ்கட், ஷாம்பு, மசாலாப் பாக்கெட் இவற்றுக்கு மிக நல்லது. ஆனால் வாங்கும்போது தகட்டின் கேஜ் என்ன, ஒரு தட்டு எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஐம்பது கிலோ சர்க்கரை மூட்டையை அந்தத் தட்டில் ஏற்றினால் முதல் மாதமே தொட்டில் போலத் தொங்கிவிடும். மூட்டைக்கு என்றும் கட்டைதான்.

இன்னொன்று, நம் சரக்கு பற்றியது. ரேக் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்; அவர் புளி விற்றவர் அல்ல. இரும்புக்கும் உப்புக்கும் ஆகாது. புளிக்கும் ஆகாது. தகட்டில் ஒரு கீறல் விழுந்து, அதில் உப்பின் ஈரமோ புளியின் கசிவோ பட்டால் பவுடர் கோட்டிங்குக்கு அடியிலேயே துரு ஓடும். மழைக்காலத்தில் வெல்லம் கசிந்தால் தட்டு இடுக்கில் ஒட்டி, எறும்புக்கு நிரந்தர விலாசம் ஆகிவிடும். நம் மாவட்டத்துக் கடைகளில் புளி சின்னச் சரக்கு அல்லவே! எங்கள் மண்டியில் ஒரு முறை கடைப் பையன்கள் இடமில்லை என்று புதிய இரும்பு ரேக்கின் கீழ்த்தட்டில் கல்லுப்பு மூட்டைகளை வைத்துவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கியது. மூன்றாவதில் காலே அரித்து ரேக் சாய்ந்தது. நல்லவேளை, அப்போது கீழே யாரும் இல்லை. உப்பு, புளி, வெல்லம் மூன்றுக்கும் மரக்கட்டை, பிளாஸ்டிக் டிரம் அல்லது எவர்சில்வர்தான். இந்த மூன்றையும் உள்ளூர் ஆசாரியிடமோ பாத்திரக் கடையிலோ பார்த்துக்கொள்ளலாம்.

ஆயத்த ரேக் மூன்றடி, நான்கடி என்று கட்டாக வருகிறது. நம் கட்டடங்களோ மூலைக்கு மூலை வேறு அளவு. பதினோரு அடிச் சுவரில் மூன்று ரேக் நின்றால் இரண்டடி மிச்சம். அந்த இரண்டடியில் துடைப்பமும் அட்டைப்பெட்டியும் போய்ச் சேரும். பின்னாலேயே எலியும் போய்ச் சேரும். இரண்டு ஆண்டு கழித்து அதே மாதிரி இன்னொரு ரேக் கேட்டால், "அந்த மாடல் நின்றுவிட்டது சார், கொக்கி அளவு மாறிவிட்டது" என்கிறார்கள். ஆகவே முதலிலேயே நாலு தட்டும் ஒரு டஜன் கொக்கியும் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

ஆசாரி வேலையின் பக்கமும் குறை இருக்கிறது. சொன்ன தேதிக்கு முடிந்த ஆசாரி வேலையை நாங்கள் பார்த்ததில்லை. ஆவணியில் திறக்க வேண்டிய கடை கார்த்திகைக்குப் போகும்; நடுவில் தீபாவளி வியாபாரம் கைவிட்டுப் போகும். பிளைவுட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. பலகையில் ஐ.எஸ். 303 என்று இருந்தால் சாதாரண உபயோகத்துக்கு; ஐ.எஸ். 710 என்றால் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட். கடை கழுவும்போது தண்ணீர் படும் கீழ்ப்பகுதிக்கு இரண்டாவதுதான் சரி. மைக்கா ஒட்டிய பிறகு உள்ளே என்ன பலகை என்று யாரால் சொல்ல முடியும்? பலகை கடைக்கு வந்து இறங்கும்போதே முத்திரையைப் பார்த்துவிட வேண்டும். விலை குறைவென்று பார்ட்டிக்கிள் போர்டில் செய்தால் ஒரு வாளித் தண்ணீரில் அப்பம்போல ஊதிவிடும்.

பால்ஸ் சீலிங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011இல் எங்கள் மண்டி அலுவலக அறைக்கு நாங்களும் போட்டோம். வங்கி அதிகாரி வருவார், பெரிய கம்பெனி ஆட்கள் வருவார்கள், அறை கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்ற ஆசை. எட்டு மாதத்தில் ஒரு நாள் இரவு எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தன. எலக்ட்ரீஷியன் மேலே ஒரு பலகையைக் கழற்றினார். கடலைத் தொலி, சாக்கு நார், எங்கள் பழைய பில் புத்தகத்தின் தாள்கள், நடுவில் கண் திறக்காத எலிக்குட்டிகள் ஒன்பது. ஒயர் முழுவதும் கடித்துச் செம்பு தெரிந்தது. தானிய மண்டியில் தலைக்கு மேல் ஒரு இருட்டறை கட்டி, அதற்குள் மின்சார ஒயரையும் ஓட்டிய எங்கள் புத்தியை என்னென்பது? தீப்பிடித்திருந்தால் சாக்கும் எண்ணெய்யும் இருக்கிற இடம். மறுநாளே முழுவதையும் இறக்கிவிட்டோம். ஒயர் இப்போது சுவருக்கு வெளியே குழாயில் ஓடுகிறது. அழகில்லைதான். கண்ணுக்குத் தெரிகிறது.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் வந்து, 2011 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. உணவுப் பொருளைத் தரையில் வைக்காமல் உயர்த்தி, சுவரை ஒட்டாமல் தள்ளி வைக்க வேண்டும் என்பது அதன் சுகாதார விதிகளில் உண்டு. பின்னால் துடைப்பம் போக வழியில்லாமல் சுவரோடு மூடிய அலமாரி இந்த விதிக்கு எதிர்த்திசை. அதேபோல 2021இல் நம் மாநிலக் கடைகள் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து, வேலை செய்பவர்கள் இடையிடையே உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கேரளத்துக்கு அடுத்து இது நம்மிடம்தான் வந்தது. புதிதாகக் கவுண்டர் செய்கிறவர்கள் அதற்குப் பின்னால் நாற்காலிக்கு இடம் விடாமல் செய்துவிட்டு, பிறகு நடைபாதையில் ஸ்டூல் போடுவதைப் பார்க்கிறோம். வரைபடம் போடும்போதே நினைக்க வேண்டியது இது. பத்து மணி நேரம் நிற்கும் பெண்பிள்ளைகளின் கால் வலி சட்டம் வந்துதானா நமக்குத் தெரிய வேண்டும்?

ஜி.எஸ்.டி. விஷயத்தில் ஆயத்தச் சாமானுக்கு ஒரு அனுகூலம் உண்டு. ரேக், மேசை, நாற்காலிக்கு 18 சதவீத வரியோடு பில் வருகிறது. முழு வரி முறையில் இருப்பவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானம் எழுதக்கூடாது. இணக்க முறையில் விற்பனைக்கு 1 சதவீதம் கட்டுகிற சிறு வணிகர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு 18 சதவீதமும் செலவுதான். ஒரு லட்ச ரூபாய் ரேக் ஒருவருக்கு 1,00,000, இன்னொருவருக்கு 1,18,000. கட்டடத்தோடு சேர்ந்து நிலைத்துவிடுகிற வேலைகளுக்கு, அதாவது தரை, தடுப்புச் சுவர், சீலிங் போன்றவற்றைக் கட்டடச் செலவில் சேர்த்தால், முழு முறையில் இருந்தாலும் உள்ளீட்டு வரி கிடைப்பது கடினம். உங்கள் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுங்கள். ஆர்டர் கொடுத்துவிட்டுக் கேட்டால் அவர் என்ன செய்வார்?

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வேறு ஒன்று சொல்கிறார்கள். "பெரியப்பா, இப்போது ஜனங்கள் தொட்டுப் பார்த்து எடுக்க விரும்புகிறார்கள். கவுண்டருக்கு வெளியே நிறுத்தினால் வரமாட்டார்கள்" என்கிறான் தம்பி மகன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1916இல் அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையில் முதன்முதலாக வாடிக்கையாளர்களை உள்ளே விட்டு, தாங்களே எடுத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளே நுழைய ஒரு வழி, எல்லாச் சரக்கையும் கடந்து போக ஒரு பாதை, வெளியேறும் இடத்தில் பணம். அந்தக் கடை அமைப்புக்கே அடுத்த ஆண்டு காப்புரிமை வாங்கினார் அவர். ஆகவே கடையின் அமைப்பு வியாபாரத்தை மாற்றும் என்பது உண்மை.

ஆனால் நம் மாநிலத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1996இல் சென்னையில் ஃபுட்வேர்ல்டு குளிர்சாதனமும் விளக்குமாகத் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1997இல், அதே சென்னையில் சுபிக்‌ஷா தொடங்கியது. அங்கே அலங்காரம் இல்லை, குளிர்சாதனம் இல்லை. ஆரம்ப காலத்தில் பட்டியலைக் கொடுத்து வாங்குகிற முறைதான். விலை குறைவு என்பதே அதன் விளம்பரம். நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளாகப் பெருகியது. 2009இல் கையில் பணமில்லாமல் மூடியது. அலங்காரம் இல்லாததால் வளரவும் முடிந்தது. அலங்காரம் இல்லை என்பதால் மட்டும் பிழைக்கவும் முடியவில்லை. பணம் சுழலாமல் நின்றால் கண்ணாடிக் கடையும் மூடும், தகரக் கடையும் மூடும்.

பெரிய கம்பெனிகள் ஆயத்த ரேக் போடுவதற்குக் காரணம் வேறு. நூறு கடைக்கு ஒரே அளவில் ஆர்டர் கொடுத்தால் விலை இறங்கும்; ஒரு கடையை மூடினால் அடுத்த கடைக்கு மாற்றலாம். நமக்கு இருப்பது ஒரு கடை. அவர்களைப் பார்த்து அப்படியே செய்தால் அவர்கள் கொடுத்த விலைக்கு நமக்கு யார் கொடுப்பார்கள்? இதற்குச் சங்கம் ஒரு வழி செய்யலாம். ஓராண்டில் கடை புதுப்பிக்க நினைக்கும் பத்துப் பதினைந்து உறுப்பினர்களின் அளவுகளைச் சேர்த்து, ஒரே இடத்தில் விலை பேசலாம். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லையே. அடுத்த செயற்குழுவில் இதைப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் ஒரு தெருவே ஆறுமுக ஆசாரி பெயரில் இருக்கிறது. இன்று அந்தத் தெருவில் கடைகள்தான் அதிகம். பெரிய கம்பெனிக்காரன் வந்து நம் வாடிக்கையைக் கொண்டு போகிறான் என்று மே 5ஆம் தேதி வணிகர் தின மேடையில் நாம் முழங்குகிறோம். மறுவாரமே வண்டி பிடித்துப் பெங்களூர் போய் ரேக் வாங்கி வருகிறோம். நம் கடையில் மாதச் சாமான் வாங்கும் ஆசாரியும் வெல்டிங் பட்டறைக்காரரும் அந்த ரேக் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்களுக்கு நாற்பது ஆண்டாக வேலை செய்த ஆசாரி ஒருவர், ஒரு நாள் மிளகாய் வாங்க வந்தவர், ரெடிமேடு கவுண்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது மொதலாளி. கால் உடைஞ்சா சொல்லி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க எங்களுக்கு அந்தக் கவுண்டரில் கை வைக்க மனம் வரவில்லை. உடைந்தது என்னவோ உண்மை. வந்து சரி செய்தவரும் அவர்தான்.

இத்தனைக்கும் பிறகு நாங்கள் செய்திருப்பது இதுதான். பாக்கெட் சரக்குக்கு ஆயத்த ரேக். கிடங்குக்கு ஆங்கிள் ரேக். கம்ப்யூட்டர் மேசையும் நாற்காலிகளும் சேலத்தில் கடையில் வாங்கியவை. முதுகு வலி இல்லாத நாற்காலி செய்ய ஆசாரிக்குத் தெரியாது, அவரே ஒப்புக்கொள்கிறார். மூட்டைக் கட்டை, உப்பு புளிக்கான மேடை, உதிரிச் சாமான் இழுப்பறை, கல்லா இந்த நான்கும் ஆசாரி வேலை, ஆணி அடிக்காமல், தூக்கக்கூடிய துண்டுகளாக. மூலையில் மிஞ்சும் இரண்டடிக்கும் அவரே ஒரு சட்டம் செய்து அடைத்துவிடுகிறார். உள் வேலைச் செலவு கைமுதலில் நாலில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். தம்பி மகனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. கண்ணாடி வேண்டும் என்கிறான். முகப்பில் மட்டும் ஒன்று வைத்துக்கொள்ள விட்டிருக்கிறோம்.

முதலில் சொன்ன கடைக்காரர் கடையை மூடவில்லை. கண்ணாடிக் கதவுகளையும் பாதி விளக்குகளையும் கழற்றி விற்றார். போட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. பிளைவுட் அலமாரியைக் கேட்க ஆளில்லை. எங்களுக்கு வர வேண்டிய 1,80,000 ரூபாயை வாரம் 2,500 வீதம் கட்டி வருகிறார். புதுச் சரக்கு ரொக்கத்துக்குத்தான் என்று பேசியிருக்கிறோம். ஆனால் சென்ற வாரம் பருப்பு இல்லாமல் கடை ஓடாது என்று இரண்டு மூட்டைக்கு வந்து நின்றார். பேரேட்டில் பற்று எழுதிக் கொடுத்தனுப்பினோம்.